சுவரை வாசித்தல்: கட்டட விதி என்னும் பிரதி குறித்துச் சில குறிப்புகள்

1

கல்யாணப் பத்திரிகை ஒரு பிரதி, சினிமா போஸ்டர் ஒரு பிரதி, தேர்தல் நோட்டீசும் ஒரு பிரதி என்று நம் சிற்றிதழ்க்காரர்கள் முப்பது வருசமாகச் சொல்லி வருகிறார்கள். எல்லாவற்றையும் கட்டுடைத்துப் பார்த்தாயிற்று. ஆனால் ஒரு சேரிக்காரன் எந்த வழியாக நடக்கலாம், எந்தச் சந்தோடு அவன் பாதை முடியும், அவன் வீட்டுக்குப் பின்னால் எத்தனை அடிக்குச் சுவர் எழும்பலாம் என்று தீர்மானிக்கிற பிரதி ஒன்று இருக்கிறது. பேரூராட்சி ஆபீஸ் பீரோவில் தூசி படிந்து கிடக்கிற கட்டட விதிகள்தான் அது. அதை இலக்கியமாகவோ அரசியலாகவோ எடுத்து வாசித்தவர்கள் நம்மில் குறைவு. "அது இஞ்சினியர் சமாச்சாரம்யா" என்று ஒதுக்கி விடுகிறோம். ஒதுக்குவதற்கென்றே எழுதப்பட்ட மொழிநடை அது. அதனால்தான் வாசிக்க வேண்டியிருக்கிறது.

நேஷனல் பில்டிங் கோடு எனப்படும் தேசியக் கட்டட விதித்தொகுப்பு முதலில் 1970-இல் வந்தது. 1983, 2005, 2016 ஆகிய ஆண்டுகளில் திருத்தப்பட்டது. மத்திய அரசு 2016-இல் வெளியிட்ட மாதிரிக் கட்டட விதிகளும் இதே வழிதான். இவை தாமாகச் சட்டமாகி விடுவதில்லை. மாநிலமும் உள்ளாட்சியும் எடுத்துக் கொண்டால்தான் கட்டுப்படுத்தும். தமிழ்நாட்டில் கிராமங்களுக்கென்று 1997-இல் ஊராட்சிக் கட்டட விதிகள் வந்தன. பிறகு 2019-இல் எல்லா உள்ளாட்சிகளுக்கும் சேர்த்து ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள் வந்தன. இருந்தாலும் சுற்றுச்சுவரைப் பற்றி இந்த அரசு மனசுக்குள் என்ன நினைக்கிறது என்று தெரிந்து கொள்ள அந்த மாதிரிப் பிரதிதான் நல்ல சாட்சி.

அது சொல்வது இது. வீட்டு மனையின் சுற்றுச்சுவர் முன்தெருவின் நடுக்கோட்டிலிருந்து 1.5 மீட்டர் உயரத்தைத் தாண்டக் கூடாது. ஏறக்குறைய ஐந்தடி. 2.4 மீட்டர் வரை, அதாவது எட்டடி வரை, எழுப்ப வேண்டுமென்றால் மேலே உள்ள 0.9 மீட்டர் காற்றும் பார்வையும் போகிற மாதிரி திறப்பாக இருக்க வேண்டும். தெருமுனை மனையாக இருந்தால் இன்னும் கண்டிப்பு. முனையிலிருந்து இரண்டு பக்கமும் 10 மீட்டர் தூரத்துக்குச் சுவர் 0.75 மீட்டர்தான், முழங்காலுக்குக் கொஞ்சம் மேலே. அதற்கு மேல் வேண்டுமானால் கம்பி. ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம், தொழிற்சாலை, மின்நிலையம் போன்றவற்றுக்கு 2.4 மீட்டர் வரை அனுமதி. இந்த அளவுகள் எதுவும் பொருந்தாத இடம் ஒன்று உண்டு. அது சிறைச்சாலை.

இப்போது இந்தப் பிரதியை நம் கண்ணால் வாசிப்போம். இது யாரை நினைத்து எழுதப்பட்டது? முனையில் வண்டி திருப்புகிறவனை நினைத்திருக்கிறது. எதிரே வருகிற ஆள் தெரிய வேண்டும். பக்கத்து வீட்டுக்காரனை நினைத்திருக்கிறது. அவனுக்குக் காத்தும் வெளிச்சமும் வேண்டும். நல்ல மனசுதான், குறை சொல்ல முடியாது. ஆனால் இந்தப் பிரதிக்குத் தெரிந்த மனுசன் இரண்டு பேர்தான்: சுவருக்குச் சொந்தக்காரன், தெருவில் போகிற பொதுமனிதன். இருவரும் சமமான குடிமக்கள் என்று பிரதி நம்புகிறது. சுவர் யாருக்கு எதிராக எழுப்பப்படுகிறது என்ற கேள்வி அதன் இலக்கணத்திலேயே இல்லை. உயரம் கேட்கிறது, நீளம் கேட்கிறது, நோக்கம் கேட்பதில்லை. சாதி என்ற சொல் வராத இந்த மௌனத்துக்குள்தான் நம் ஊர்ச் சுவர்கள் எல்லாம் பத்திரமாக நிற்கின்றன.

2

மதுரை மாவட்டம் பேரையூர் தாலுகா உத்தப்புரம். எங்கள் தேனிப் பக்கத்திலிருந்து ஆண்டிபட்டிக் கணவாய் ஏறி உசிலம்பட்டி போனால் எட்டிவிடுகிற தூரம்தான். 1948, 1964, 1989 என்று மூன்று முறை சாதி மோதல் கண்ட ஊர். 1989 மோதலுக்குப் பிறகு பிள்ளைமார் குடியிருப்புக்கும் பள்ளர் குடியிருப்புக்கும் நடுவில் சுவர் எழும்பியது. சுமார் 600 மீட்டர் நீளம், 12 அடி உயரம். மேலே கம்பி கட்டி அதில் மின்சாரம் பாய்ச்சியிருந்தது 2008 ஏப்ரலில் பத்திரிகைகளில் வந்தது. அதற்குப் பிறகுதான் மின்சாரம் நிறுத்தப்பட்டது. மார்க்சிஸ்ட் கட்சியும் தீண்டாமை ஒழிப்பு முன்னணியும் தலித் அமைப்புகளும் போராடின. 2008 மே 6 அன்று அரசு நிர்வாகம் சுவரில் ஒரு சிறு பகுதியை இடித்துப் பாதை திறந்தது. எதிர்ப்புத் தெரிவித்து ஆதிக்க சாதிக் குடும்பங்கள் ரேஷன் கார்டுகளை ஒப்படைத்துவிட்டு மலையடிவாரத்துக்குக் குடிபெயர்ந்தன. அதே ஆண்டு போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் ஒரு தலித் உயிர் போனது. 2011-இல் இரு தரப்பும் உடன்பாட்டில் கையெழுத்திட்டன. அந்த ஆண்டு நவம்பரில் தலித்துகள் முத்தாலம்மன் கோயிலுக்குள் சென்றார்கள்.

12 அடி என்றால் 3.6 மீட்டர். அரசாங்கமே மாதிரி என்று அச்சடித்துக் கொடுத்த அளவில் வீட்டுக்கு 1.5, ஆஸ்பத்திரிக்கும் பள்ளிக்கூடத்துக்கும் 2.4. அதற்கு மேலே போகிற சுவருக்கு அந்தப் பிரதியில் ஒரே பெயர்தான் இருக்கிறது: ஜெயில் சுவர். கிராமத்துக்கு அந்த மாதிரி விதி கட்டாயம் ஆகாது என்று வக்கீல் சொல்வார். சரி, வைத்துக் கொள்வோம். அளவு பார்ப்பதற்காகச் சொல்கிறேன். வீட்டுக்கான அளவும் இல்லை, ஊருக்கான அளவும் இல்லை, சிறைக்கான அளவில் ஒரு சுவர் நின்றிருக்கிறது. அப்படியானால் கைதி யார்? சுவருக்கு எந்தப் பக்கம் ஜெயில்?

இந்தக் கேள்விக்கு ஆதிக்க சாதித் தரப்பு வைத்திருந்த பதில் பாதுகாப்பு. "எங்களக் காப்பாத்திக்கிறதுக்குத்தான் கட்டினோம், 1989-ல பெரியவங்க பேசி முடிச்சதுதான்" என்றார்கள். ஒடுக்குகிறவன் தன்னை முற்றுகையிடப்பட்டவனாகச் சொல்லிக் கொள்வது புதிதில்லை. ஆனால் நாம் கவனிக்க வேண்டியது வேறு. ஏறக்குறைய பதினெட்டு வருசம் அந்தச் சுவர் நின்றது. அந்தக் காலத்தில் எத்தனை வி.ஏ.ஓ. வந்து போயிருப்பார், எத்தனை சர்வேயர் சங்கிலி பிடித்திருப்பார், எத்தனை தேர்தலுக்கு எத்தனை வேட்பாளர் கும்பிட்டுக் கொண்டு இரண்டு பக்கமும் நடந்திருப்பார்! நம்ம ஆள் புறம்போக்கில் ஒரு குடிசை போட்டால் 1905-ஆம் வருச நில ஆக்கிரமிப்புச் சட்டத்தைத் தூக்கிக் கொண்டு ஓடி வருகிற தலையாரிக்கும் தாசில்தாருக்கும் 600 மீட்டர் சுவர் கண்ணில் படவில்லை. இது பார்வைக் கோளாறு இல்லை. எதைப் பார்க்க வேண்டும், எதைப் பார்க்கக் கூடாது என்ற பயிற்சி. சாதி அந்தப் பயிற்சியைக் கொடுக்கிறது, விதியின் மௌனம் அதற்குச் சான்றிதழ் தருகிறது.

3

தமிழ் இலக்கியம் படித்தவர்களுக்குச் சுவர் புதிய விசயம் இல்லை. புறத்திணையில் சுவருக்கென்றே இடம் உண்டு. பகை அரணை வளைத்துக் கொள்வது உழிஞை. உள்ளிருந்து மதிலைக் காப்பது நொச்சி. தொல்காப்பியம் இரண்டையும் உழிஞைக்குள் அடக்கியது. ஐயனாரிதனாரின் புறப்பொருள் வெண்பாமாலை நொச்சியைத் தனித்திணையாகப் பிரித்தது. எம்.ஏ. வகுப்பில் இதை நெட்டுருப் போட்டு எழுதி மார்க் வாங்கியவர்கள் நாம். ஆனால் அந்த இலக்கணம் அறிந்த சுவர் அரசனுடையது. உள்ளேயும் வேந்தன், வெளியேயும் வேந்தன். இரண்டு பேருக்கும் பூ உண்டு, புகழ் உண்டு, பாட்டு உண்டு. வெளியே நிற்பவன் தினமும் உள்ளே போய் வயலில் வேலை செய்துவிட்டுச் சாயங்காலம் திரும்பி வருகிறவனாக இருந்தால் அந்த நிலைக்கு என்ன திணை? அவன் முற்றுகையிடவில்லை, வேலைக்குப் போகிறான். அவனுக்கு எதிராகக் காக்கிறவனும் போர் செய்யவில்லை, கூலிக்கு ஆள் வேண்டும், ஆனால் பாதையில் வரக் கூடாது என்கிறான். இதற்குத் துறை வகுக்கவில்லை நம் இலக்கணம்.

இத்தனைக்கும் உழிஞையை மருதத்தின் புறன் என்றுதான் தொல்காப்பியம் வைக்கிறது. மருதம் என்றால் வயலும் வயல் சார்ந்த இடமும். ஊரும் சேரியும் கண்ணுக்கு நேராகப் பிரிந்து கிடப்பதும் அந்த நஞ்சை மண்ணில்தான். நொச்சியைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். மதில் காக்கிற மறவனுக்குச் சூட்டிய அந்தப் பூவின் செடி, நம் பக்கத்தில் வரப்போரம் உயிர்வேலியாக வளர்க்கிற செடி. மழைக்காலத்தில் சளி பிடித்தால் ஆவி பிடிக்க யாரும் போய் நாலு கொப்பு ஒடித்து வரலாம், யாரும் தடுக்க மாட்டார்கள். இலக்கணத்தில் அது மதிலின் அடையாளம், நடப்பில் கை நுழைகிற வேலி.

"சேரி" என்ற சொல்லும் இப்படித்தான் இடம் மாறியது. உத்திரமேரூரில் பிராமணர்கள் குடியிருந்த பகுதிகளுக்கும் சேரி என்றுதான் பெயர். சோழர் கல்வெட்டே சாட்சி. ஆனால் அதே காலகட்டத்துத் தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டில், வரி நீக்கிய நிலங்களை எண்ணுகிற இடத்தில், ஊர்நத்தம் ஒரு பக்கம், பறைச்சேரி, தீண்டாச்சேரி, கம்மாணசேரி எல்லாம் தனித்தனி, சுடுகாடு தனி என்று வகை பிரித்திருக்கிறார்கள். இன்றைய பாஷையில் சொன்னால் அது ஒரு நிலப் பயன்பாட்டு வரைபடம். ஆயிரம் வருசத்துக்கு முந்தைய மண்டலப் பிரிப்பு. கல்லில் வெட்டியதால் நமக்குத் தெரிகிறது. இன்றைக்கு நகரமைப்புத் திட்டத்தில் மஞ்சள் வண்ணம் குடியிருப்பு, பச்சை விவசாயம் என்று தீட்டுகிறார்கள். சாதிக்கு வண்ணம் இல்லை. அதனால் அது இல்லையென்று அர்த்தமா?

1971-ஆம் வருச நகர் ஊரமைப்புச் சட்டத்தின் வழியில் வந்த திட்டங்களில் "கலப்புக் குடியிருப்பு" என்று ஒரு மண்டலம் உண்டு. முதன்முறை இந்தச் சொல்லைப் பார்க்கிற தலித்துக்கு ஒரு சின்ன சந்தோசம் வரலாம். அவசரப்பட வேண்டாம். அங்கே கலப்பது வீடும் கடையும்தான். மனுசனும் மனுசனும் கலப்பதற்கு வரைபடத்தில் மண்டலம் கிடையாது.

4

"அவனவன் பட்டா இடத்துல அவனவன் சுவர் கட்டுறான், இதுல என்னய்யா சாதி?"

தீண்டாமைச் சுவர் விவகாரம் எங்கு வந்தாலும் பேச்சுவார்த்தை மேசையில் முதலில் விழுகிற வாக்கியம் இதுதான். விசயம் தெரிந்தவர்களும் இந்த இடத்தில் தடுமாறி நிற்பதைப் பார்க்கிறோம். "புறம்போக்குல இருக்கிறத மட்டும் இடிங்க, பட்டாவுல இருக்கிறத விட்ருங்க" என்று நம் ஆட்களே சமரசத்துக்கு வருகிறார்கள். அதனால் பட்டா என்ற சொல்லையும் வாசித்துப் பார்க்க வேண்டும்.

நிலம் யாருக்கு எப்படிப் பட்டாவானது? 1890-களின் தொடக்கத்தில் செங்கல்பட்டுக் கலெக்டர் திரமென்ஹீர் பறையர் நிலை பற்றி அறிக்கை எழுதியபோது, நம் சனங்களுக்குக் குடியிருக்கும் மனைகூடச் சொந்தமில்லை, மிராசுதார் நினைத்தால் வெளியேற்றலாம் என்ற நிலையைப் பதிவு செய்தார். பஞ்சமி நிலம் அதன் விளைவாக வந்தது. குடியிருக்கிற மனையை விவசாயத் தொழிலாளிக்கே சொந்தமாக்குகிற சட்டம் தமிழ்நாட்டில் 1971-இல்தான் வந்தது. 1978-இல் ஆதிதிராவிடர் நலத்துக்காக நிலம் எடுக்கிற தனிச்சட்டம் வந்தது. அதில் எடுத்த நிலத்தில் காலனிகள் முளைத்தன. பெரும்பாலும் ஊருக்கு வெளியே, பள்ளத்தில், யாரும் விலைக்குக் கேட்காத மூலையில். மனை கொடுத்தார்கள், பாதை கொடுத்தார்களா? பல இடங்களில் காலனிக்குப் போகிற வழி அடுத்தவன் பட்டாவுக்குள் கிடந்தது. அந்த அடுத்தவன் ஒருநாள் கல்லுக்கால் ஊன்றிக் கம்பி இழுக்கிறான். அப்போது அவன் பேசுவது சட்டம், நாம் பேசுவது கெஞ்சல்.

1882-ஆம் வருசத்து வசதியுரிமைச் சட்டம் என்ன சொல்கிறது? அடுத்தவர் நிலத்தில் ஒரு பாதையை 20 வருசம் தடையில்லாமல், வெளிப்படையாக, உரிமையாகப் பயன்படுத்தினால் அது உரிமையாகி விடும். இதில் "உரிமையாக" என்ற சொல்தான் கண்ணி. அனுமதி கேட்டு நடந்தால் அது உரிமை ஆகாது. இப்போது யோசித்துப் பாருங்கள். செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக் கொண்டு, "சாமி, போயிட்டு வந்துர்றேன்" என்று சொல்லி, தலைமுறை தலைமுறையாக ஒரு பாதையில் நடந்தவனுடைய நடை எந்தக் கணக்கில் வரும்? அறுபது வருசம் நடந்தாலும் அது அனுமதி நடை என்று எதிர்க்கட்சி வக்கீல் சொல்லலாம். தீண்டாமை நம் நடையைக் கெஞ்சலாக மாற்றியது. சட்டம் அந்தக் கெஞ்சலையே நமக்கு எதிரான ஆதாரமாக எடுத்துக் கொள்ள இடம் கொடுக்கிறது.

1989-ஆம் வருச வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் இதை ஓரளவு உணர்ந்தது. பொது இடத்துக்குப் போகிற வழக்கமான பாதையுரிமையை மறுப்பது குற்றம் என்றது. நல்லது. ஆனால் "வழக்கம்" என்ற சொல்லை வைத்தது. நமக்குப் பாதை மறுத்ததே வழக்கம்தானே! வழக்கத்தை நிரூபி என்று கேட்டால் கிழவி எங்கே போவாள்? 2015-இல் சட்டம் திருத்தப்பட்டு 2016 ஜனவரி 26 முதல் நடைமுறைக்கு வந்தபோது சாலை, வழி, சுடுகாடு, நீர்நிலை என்று வெளிப்படையாக எழுதி, அவற்றைப் பயன்படுத்துவதைத் தடுப்பதே குற்றம் என்றாக்கினார்கள். பிரதி மாறியிருக்கிறது. அதை மாற்ற நம் இயக்கங்கள் பட்ட பாடு சின்னதில்லை. ஆனால் வன்கொடுமைச் சட்டம் மாறினாலும் கட்டட விதி மாறவில்லை. ஒரே அரசாங்கத்தின் இரண்டு பிரதிகள் ஒன்றையொன்று பார்த்துக் கொள்வதே இல்லை. சுவர் கட்ட அனுமதி கொடுக்கிற மேசையில் வன்கொடுமைச் சட்டம் கிடையாது. சுவர் விழுந்து ஆள் செத்த பிறகுதான் அது வருமா என்று பேச்சே எழுகிறது.

5

விழுந்தும் இருக்கிறது. 2019 டிசம்பர் 2, விடியாத நேரம், மேட்டுப்பாளையம் நடூர். ஒரு வசதியானவரின் வீட்டுக் கருங்கல் சுற்றுச்சுவர் மழையில் சரிந்து அருந்ததியர் வீடுகள் மேல் விழுந்தது. தூக்கத்திலேயே 17 பேர் செத்தார்கள். சுவர் 20 அடி உயரம் இருந்தது என்று செய்திகள் வந்தன. நியாயம் கேட்டுக் கூடியவர்கள் மேல் தடியடி நடந்தது. மழையால் நேர்ந்த விபத்து என்றது ஒரு தரப்பு, தீண்டாமைச் சுவர் என்றது இன்னொரு தரப்பு.

விமர்சகனாக எனக்கு இந்த இரண்டு பெயர்களும் முக்கியம். விபத்து என்று சொன்னால் குற்றவாளி மழை. சுவருக்குள் இருந்தவனின் மனசில் சாதி இருந்ததா என்று தேடினால் நிரூபிக்க முடியாமல் வழக்கு வலுவிழக்கும். மூன்றாவதாக ஒரு வாசிப்பு வேண்டும். ஏன் எப்போதும் உயரமான சுவர் அவர்கள் பக்கத்திலும், பள்ளமான வீடு நம் பக்கத்திலும் இருக்கிறது? சுவரின் அடியில் யார் படுத்துத் தூங்குகிறார்கள் என்று அனுமதி கொடுப்பவன் பார்க்க வேண்டியதில்லை என்றால், அந்த விதிதான் சாதியை வைத்துக் கொண்டிருக்கிறது. கட்டியவன் மனசு எப்படியும் இருக்கட்டும், செங்கல்லும் கருங்கல்லும் எந்தப் பக்கம் விழும் என்பது முன்னமே தீர்மானமாகி விட்டது.

இது கிராமத்துப் பழமையின் மிச்சம், நகரம் வளர்ந்தால் போய்விடும் என்று நம்புகிற முற்போக்காளர்கள் இருக்கிறார்கள். அவர்கள் அமெரிக்காவைப் பார்க்கட்டும். டெட்ராய்ட் நகரத்தில் 1941-இல் ஒரு ரியல் எஸ்டேட்காரர் வெள்ளையருக்கு வீடு கட்டி விற்க நினைத்தார். பக்கத்தில் கறுப்பர் குடியிருப்பு. அரசாங்க வீட்டுக்கடன் உத்தரவாதம் கிடைக்கவில்லை. நடுவில் ஆறடி உயரத்துக்கு, அரை மைல் நீளத்துக்குச் சுவர் எழுப்பினார். கடன் கிடைத்தது. இனத்தைச் சொல்லி மண்டலம் பிரிக்கக் கூடாது என்று அங்கே சுப்ரீம் கோர்ட் 1917-லேயே தீர்ப்புச் சொல்லியிருந்தது. அதனால் என்ன, வரைபடத்தில் போட முடியாததைச் சிமெண்டில் போட்டுக் கொண்டார்கள். அந்தச் சுவரின் பெரும்பகுதி இன்றும் நிற்கிறது. கறுப்பு மக்களின் பிள்ளைகள் அதில் படம் வரைந்திருக்கிறார்கள்.

இங்கேயும் அதே கதைதான். திருப்பூர் மாவட்டம் அவினாசி பக்கம் சேவூரில் தேவேந்திரன் நகரையும் பக்கத்து மனைப்பிரிவையும் பிரித்து நின்ற சுவரில் வழி திறக்கப்பட்டது 2024-இல். அது நாட்டாமை கட்டிய மண்சுவர் அல்ல, லேஅவுட் போட்டு மனை விற்கிற காலத்துச் சுவர். "நல்ல ஏரியா சார், அந்தப் பக்கம் காலனி இருக்கு, ஆனா சுவர் போட்டாச்சு" என்று புரோக்கர் சொல்கிற ஒரு வாக்கியத்துக்குள் சதுர அடிக்கு எவ்வளவு விலை ஏறுகிறது? தீண்டாமை இப்போது மனை விலையில் கணக்காகிறது. நாகரிகம் வளர்ந்தால் இது அழியாது, பத்திரம் பதிந்து அடுத்த தலைமுறைக்கும் போகும்.

6

இதுவரை எதிரியின் சுவர். நம் வீட்டுச் சுவரையும் பார்க்காமல் இந்தக் கட்டுரையை முடித்தால் அது நேர்மையாகாது.

உத்தப்புரம் இருக்கும் அதே பேரையூர் தாலுகாவில்தான் சந்தையூர் இருக்கிறது. அங்கே கோயிலைச் சுற்றி எழுப்பிய சுவர் தங்களைத் தடுக்கிறது என்று 2018-இல் அருந்ததியர் குடும்பங்கள் ஊரை விட்டு மலையடிவாரத்தில் போய்த் தங்கிப் போராடின. சுவர் எழுப்பிய தரப்பு பறையர். "அது எங்க கோயில் இடம், பாதுகாப்புக்குக் கட்டினது" என்றார்கள். விசயம் கோர்ட்டுக்குப் போனது. மாசக்கணக்கில் வெயிலில் கிடந்த பிறகு அந்த வருசமே சுவர் அகற்றப்பட்டது.

2008-இல் உத்தப்புரத்தில் சுவர் உடைந்தது என்பதற்காக ஆதிக்க சாதி மலையடிவாரம் போனது. 2018-இல் சந்தையூரில் சுவர் நிற்கிறது என்பதற்காக அருந்ததியர் மலையடிவாரம் போனார்கள். பத்து வருச இடைவெளியில் ஒரே தாலுகாவில் நடந்த இந்த இரண்டு வெளியேற்றங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வாசியுங்கள். முதல் சம்பவத்துக்குக் கூட்டம் போட்டுத் தீர்மானம் எழுதிய நம்மில் எத்தனை பேர் இரண்டாவதுக்கு வாய் திறந்தோம்? "இது உள்வீட்டுச் சண்டை, பத்திரிகையில எழுதினா எதிரிக்குத்தான் கொண்டாட்டம்" என்றார்கள். "எங்க இடம்", "பாதுகாப்பு" என்று அங்கே பேசிய சொற்கள் எங்கிருந்து வந்தவை? உத்தப்புரத்துப் பிள்ளைமார் பேசியவைதாம். ஒடுக்குகிறவனின் வாக்கியத்தை நாம் மனப்பாடம் செய்து வைத்திருக்கிறோம் என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம். படிப்படியான ஏற்றத்தாழ்வு என்று பாபாசாகேப் சாதியை விளக்கினாரே, அது அடுத்தவனைத் திட்டுவதற்கு மட்டும் கொடுத்த கருவி இல்லை. அருந்ததியர் பக்கத்திலிருந்து வாசிக்கப்படாத எந்தத் தலித் விமர்சனமும் பாதிச் சுவரை இடித்துவிட்டு மீதிக்கு வெள்ளையடிக்கிற வேலைதான்.

7

சரி, என்ன செய்வது?

எங்கள் கெங்குவார்பட்டி மஞ்சளாறு பாய்கிற ஊர், பெரியகுளம் தாலுகா. சுற்றிலும் மாந்தோப்பும் தென்னந்தோப்பும். தோப்புக்கு முன்னெல்லாம் கிளுவையும் முள் அடைப்பும்தான் வேலி. ஆடு நுழையாது, ஆள் குனிந்து போகலாம். இன்றைக்கு இந்த அடிவாரம் முழுக்கக் கல்லுக்காலும் முள்கம்பியும், பன்றிக்கும் யானைக்கும் என்று சொல்லிச் சோலார் மின்வேலியும். 2022-இல் பெரியகுளம் பக்கத்துத் தோட்ட வேலி ஒன்றில் சிறுத்தை மாட்டிச் செத்தபோது முதலில் கைதானது தோட்டக்காரர் இல்லை, அங்கே கிடை போட்டிருந்த ஆட்டுக்காரர். வேலி விசயத்தில் முதலில் மாட்டுகிறவன் எப்போதும் நிலமில்லாதவன். 2023-இல் தமிழ்நாடு அரசு மின்வேலிகளைப் பதிவு செய்ய வேண்டும் என்று விதி கொண்டு வந்தது. யானைகள் செத்ததால் வந்த விதி. வரவேற்போம். யானை நடக்கிற பாதையை யோசித்து ஒரு வேலி விதி எழுத முடிகிற அரசாங்கத்துக்கு, மனுசன் பிணம் தூக்கிக் கொண்டு நடக்கிற பாதையை யோசித்து ஒரு விதி எழுத முடியாதா?

முடியும். சாதியைக் கணக்கில் எடுத்துக் கட்டடம் கட்ட அரசுக்குத் தெரியும் என்பதற்குச் சமத்துவபுரமே சாட்சி. 1997-இல் அறிவித்த அந்தத் திட்டத்தில் 100 வீட்டில் 40 தலித்துகளுக்கு, மீதி மற்றவர்களுக்கு என்று கலந்து ஒதுக்கினார்கள். அதில் ஆயிரம் குறை இருக்கலாம். ஆனால் யார் பக்கத்தில் யார் இருப்பது என்பது அரசு விதியால் மாற்றக்கூடிய விசயம் என்று அது காட்டியது. 2025 ஏப்ரலில் "காலனி" என்ற சொல்லை அரசு ஆவணங்களிலிருந்து நீக்குவதாக முதலமைச்சர் சட்டமன்றத்தில் அறிவித்தார். சொல் போவது நல்லதுதான். சொல்லைச் சுற்றி நிற்கிற சுவர் போக வேண்டும்.

கேட்க வேண்டியவை இவை. கட்டட விதியில் தனிப்பிரிவு வேண்டும்: ஆதிதிராவிடர், அருந்ததியர் குடியிருப்பை ஒட்டி எழும்புகிற எந்தச் சுவருக்கும் அந்தக் குடியிருப்பின் ஆட்சேபணையைக் கேட்காமல் அனுமதி இல்லை. குறிப்பிட்ட உயரத்துக்கு மேல் போனால் இஞ்சினியர் சான்றும் தண்ணீர் வடிய வழியும் கட்டாயம். இருக்கிற சுவர்களுக்கும் இந்தச் சோதனை பொருந்த வேண்டும், நடூர் திரும்ப நடக்கக் கூடாது. பட்டாவா புறம்போக்கா என்ற கேள்விக்கு முன்னால், இந்தச் சுவர் யாருடைய வழியை அடைக்கிறது என்ற கேள்வி வர வேண்டும். பொதுச்சாலையில் சுவரோ வேலியோ போட 1994 ஊராட்சிச் சட்டமே தடை சொல்கிறது. அதை அமல்படுத்தக் கேட்பதற்குப் புதுச் சட்டம்கூட வேண்டாம்.

இன்னொரு வேலை நம் கையில் இருக்கிறது. ஒவ்வொரு சேரியிலிருந்தும் கிணற்றுக்கு, மயானத்துக்கு, பள்ளிக்கூடத்துக்கு, பஸ் நிறுத்தத்துக்கு நாம் நடக்கிற பாதைகளை நாமே அளந்து வரைய வேண்டும். சர்வே நம்பர் போட்டு, அகலம் போட்டு, எத்தனை தலைமுறையாக நடக்கிறோம் என்று பெரியவர்களிடம் கேட்டு எழுதிக் கையெழுத்து வாங்க வேண்டும். கிராமமாக இருந்தால் கிராமசபையில் தீர்மானமாக்க வேண்டும். கெங்குவார்பட்டி மாதிரி பேரூராட்சியாக இருந்தால் கிராமசபை கிடையாது, வார்டு கமிட்டி, பகுதி சபா என்று 2022 விதிகள் சொல்வதைக் கேட்டு வாங்கி அங்கே வைக்க வேண்டும். நாளைக்கு ஒருவன் கல்லுக்கால் ஊன்ற வரும்போது நம் கையில் கெஞ்சல் இருக்கக் கூடாது, காகிதம் இருக்க வேண்டும்.

தமிழ் படித்த மாணவத் தோழர்களுக்கு இதில் தனி வேலை இருக்கிறது. கல்வெட்டு வாசிக்கப் படித்தோம், ஓலைச்சுவடி பதிப்பிக்கப் படித்தோம், பாடபேதம் பார்க்கப் படித்தோம். அந்தப் படிப்பைக் கொண்டு போய் நத்தம் கணக்கையும் புல வரைபடத்தையும் அடங்கலையும் வாசியுங்கள். எந்த வருசக் கணக்கில் பாதை இருக்கிறது, எந்த வருசக் கணக்கில் காணாமல் போகிறது என்று பாருங்கள். அந்தப் பாடபேதத்தில்தான் நம் வரலாறு இருக்கிறது. அதைக் கண்டு எழுதி இந்தப் பக்கங்களுக்கு அனுப்புங்கள். மதிலைக் காக்கிறவனுக்கும் மதிலை வளைக்கிறவனுக்கும் திணை எழுதியாயிற்று. மதிலுக்கு வெளியே பாதை கேட்டு நிற்கிறவளுக்கான திணையை இனி நாம்தான் எழுத வேண்டும்.